பூஜ்யம் போட்ட பாட்டில்கள்

மாலை ஏழு மணிக்கு மேல் காரை எடுக்கச் சொல்லி மனைவி எப்சி தன்னிடம் கேட்பதில்லை என்பது சுந்தர்சிங்குக்கு ஒரு மழை நாளில்தான் உறைத்தது.

சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவொன்றில் முதல் மாடி வீடு அவர்களுடையது. மகள் ஜென்சி கல்யாணமாகி ஓசூர் போன பிறகு வீட்டில் இரண்டே பேர். அன்றும் அவர் வழக்கம்போல் பால்கனியில் உட்கார்ந்து இரண்டாவது பீரைத் திறந்திருந்தார். கீழே தெருவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். எப்சி ஒரு கையால் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி, இன்னொரு கையில் குடையும் சாப்பாட்டுக் கேரியருமாக ஓர் ஆட்டோக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தாள். ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கும் அவள் தங்கைக்கு உடம்பு சரியில்லை. ஆட்டோ நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே அவர்களுடைய கார் நனைந்துகொண்டு நின்றது. அதன் சாவி சுந்தர்சிங்கின் சட்டைப் பையில் இருந்தது.

அவள் திரும்பி வந்ததும் கேட்டார்.

"ஏன் என்கிட்ட சொல்லல? நான் கொண்டுபோய் விட்டிருப்பேன்ல?"

"நீங்கதான் உக்காந்துட்டீங்களே" என்றாள் எப்சி, கேரியரைக் கழுவப் போட்டுக்கொண்டே.

அதில் கோபமில்லை, குத்தல் இல்லை. பால் வாங்கியாச்சு என்று சொல்வதுபோல்தான் சொன்னாள். சுந்தர்சிங்கைச் சுட்டது அந்தச் சாதாரணம்தான். அவர் குடித்துவிட்டுக் கலாட்டா செய்கிற ஆள் இல்லை. கட்டட நிறுவனமொன்றில் வரைபடப் பிரிவுக்குத் தலைமை. ஒரு நாளும் தாமதமாகப் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தவறியதில்லை. அதனால் யாரும் எதுவும் சொன்னதுமில்லை. ஒரு பாட்டில் இரண்டாகி, இரண்டு நான்கானது அவருக்கே தெரியாமல் நடந்திருந்தது. ஆனால் மனைவி தன் சாயங்காலங்களில் இருந்து அவரைச் சத்தமில்லாமல் கழித்துவிட்டிருந்தாள். யோசித்துப் பார்த்தபோது, அவள் ஆட்டோவில் போன சாயங்காலங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பள்ளிக்கூட ஆண்டு விழா, பல் வலிக்கு டாக்டர், தாம்பரத்தில் ஜென்சியை ரயிலேற்றிவிட்டது கூட.

மறுநாளிலிருந்து அவர் பீரைத் தொடவில்லை. எப்சியிடம் அறிவிக்கவும் இல்லை. சொல்லிவிட்டு முடியாமல் போனால் என்ன செய்வது என்ற பயம்.

தலைவலியும் தூக்கமின்மையும் சில நாளில் போய்விட்டன. போகாதது ஏழு மணிதான். அந்த நேரம் வந்தால் கைக்கு வேலை இல்லாமல் போனது. டிவியைப் போட்டார், அணைத்தார். மின்விசிறியைத் துடைத்தார். பன்னீர் சோடா வாங்கி வந்து குடித்துப் பார்த்தார். தித்திப்பு தொண்டையில் ஒட்டிக்கொண்டு நின்றது. எலுமிச்சைச் சாறு இரண்டு மடக்கில் தீர்ந்துபோனது. மோர் அதைவிடச் சீக்கிரம் தீர்ந்தது. அவருக்குக் கசப்பாக, குளிர்ச்சியாக, மெதுவாகக் குடிக்கிற மாதிரி ஏதோ ஒன்று வேண்டியிருந்தது. அப்படி ஒன்றுக்கு உலகத்தில் ஒரே பேர்தான் என்று அவர் நினைத்திருந்தார்.

எப்சி கவனித்தாள். ஒன்றும் கேட்காமல், ஒரு நாள் சாயங்காலம் அவர் முன்னால் ஒரு கிண்ணத்தில் வறுத்த வேர்க்கடலையை வைத்துவிட்டுப் போனாள். அவ்வளவுதான். சுந்தர்சிங்குக்கு அது பெரிய பாராட்டாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து மேடவாக்கம் வழியாக வந்துகொண்டிருந்தவர் நெரிசலில் மாட்டிக்கொண்டார். முன்னால் ஒரு தண்ணீர் லாரி குறுக்கே திரும்ப முடியாமல் நின்றது. நகர வழியில்லை என்று தெரிந்ததும் காரை ஓரமாக விட்டுவிட்டு, எதிரே இருந்த சூப்பர் மார்க்கெட்டுக்குள் ஏசிக்காக நுழைந்தார். பழச்சாறு வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியின் கீழ்த்தட்டில் பச்சையும் பழுப்புமாகப் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. சுந்தர்சிங் சுற்றுமுற்றும் பார்த்தார். அரிசியும் சோப்பும் விற்கிற கடையில் பீரா?

"அது ஆல்கஹால் இல்லாதது சார்" என்றாள் பில் போடும் பெண். "நிறையப் பேர் வாங்குறாங்க. நான்கூட முதல்ல பயந்துட்டேன்."

பாட்டிலின் கழுத்தில் பூஜ்யமும் புள்ளியும் இன்னொரு பூஜ்யமும் பெரிதாக அச்சிட்டிருந்தது. ஒன்று வாங்கினார். பழக்க தோஷத்தில் அதைச் செய்தித்தாளில் சுற்றித் தரச் சொன்னார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சுற்றிக் கொடுத்தாள்.

வீட்டில் குளிர்பெட்டியைத் திறந்த எப்சி அந்தப் பாட்டிலைப் பார்த்தாள். கதவை மெதுவாகச் சாத்தினாள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் அவள் செய்த ஜெபம் வழக்கத்தைவிட நீளமாகப் போனது. ஆமென் சொல்லி முடித்ததும் சுந்தர்சிங் எழுந்து போய்ப் பாட்டிலை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தார்.

"படிச்சுப் பாரு."

எப்சி பெண்கள் பள்ளியொன்றில் வேதியியல் டீச்சர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, லேபிளைத் தண்ணீர், பார்லி, கசப்புக்குச் சேர்க்கும் ஹாப்ஸ் பூ என்று கடைசி எழுத்துவரை படித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றினாள்.

"சரி, சாராயம் இல்ல. அப்ப இத எதுக்குக் குடிக்கணும்?"

நியாயமான கேள்வி. சுந்தர்சிங் பாட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"குடிக்கிறதுக்கு இல்ல எப்சி. உக்கார்றதுக்கு. சாயங்காலம் கொஞ்ச நேரம் சும்மா உக்காரணும். கையில ஒண்ணு இல்லாம எனக்கு உக்காரத் தெரியல."

எப்சி அவரைப் பார்த்தாள். பிறகு எழுந்து அலமாரியிலிருந்து ஒன்றுக்கு இரண்டாகக் கண்ணாடித் தம்ளர்களை எடுத்து வந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் பீரை மோந்துகூடப் பார்த்ததில்லை. ஒரு வாய் குடித்தவள் முகத்தைச் சுளித்து, நாக்கை மேல் அண்ணத்தில் தட்டிப் பார்த்தாள்.

"வேப்பம்பூ ரசத்த ஆற வச்சு காஸ் ஏத்தின மாதிரி இருக்கு" என்றாள். இன்னொரு வாய் குடித்தாள். "மோசம்னு சொல்லல."

சுந்தர்சிங்குக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவருக்கு அந்தப் பாட்டில் பிடிக்கவில்லை. நுரை வந்த வேகத்தில் அடங்கிவிட்டது. குடித்து முடித்ததும் நனைந்த ரொட்டியின் வாசனை மிஞ்சியது. இது இல்லை, வேறு இருக்கும் என்று தோன்றியது.

அப்படித்தான் அந்தத் தேடல் ஆரம்பமாயிற்று. வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ, கண்ணில் படுகிற கடையிலெல்லாம் விசாரித்து வாங்கி வந்தார். ஆப்பிள் வாசனை போட்ட ஒன்று இருமல் மருந்தைப் போல் இருந்தது. இருவரும் ஆளுக்கொரு வாயோடு தொட்டியில் ஊற்றினார்கள். எலுமிச்சை கலந்தது வெயிலுக்கு நன்றாக இருந்தாலும் பீர் என்று சொல்ல மனம் வரவில்லை. கறுப்பாக ஒன்று வந்தது. அதைக் குடித்ததும் எப்சி, "இது கேழ்வரகு வறுக்கிற வாசனைங்க. ஆனா கொஞ்சம் கருக விட்டுட்டாங்க" என்றாள். பூஜ்யம் புள்ளி ஐந்து என்று போட்ட ஒரு வெளிநாட்டுப் பாட்டில் வந்தபோது மட்டும் வீட்டில் சின்ன தகராறு.

"அரை சதவீதம்தானே எப்சி. புளிச்ச தோசை மாவுலகூட இவ்வளவு இருக்கும்னு நீதானே சொன்னே?"

"மாவுல இருக்கட்டும். தோசை சாப்பிட்டுட்டு யாரும் இன்னொரு அண்டா கரைங்கன்னு கேக்கல. பூஜ்யம்னா பூஜ்யம்."

அது திருப்பிக் கொடுக்கப்பட்டது.

கடைசியில் அவருக்குப் பிடித்தது கலங்கலாக, இளமஞ்சளாக இருந்த ஒரு கோதுமை வகை. நுரை தம்ளரின் விளிம்பில் நின்றது. கசப்பு முதலில் வராமல், விழுங்கின பிறகு நிதானமாக வந்தது. சுந்தர்சிங் கண்ணை மூடிக்கொண்டு, "இதுல என்னவோ ஒரு வாசனை, தெரிஞ்ச வாசனைதான், பேர் வரமாட்டேங்குது" என்றார்.

எப்சி ஒரு வாய் குடித்துவிட்டு உடனே சொன்னாள்: "தனியா. கொத்தமல்லி விதை. கூடவே ஆரஞ்சுத் தோல்."

லேபிளைப் பார்த்தார்கள். இரண்டுமே போட்டிருந்தது. இருபது வருஷம் பீர் குடித்த நாக்கைச் சாம்பார்ப் பொடி அரைத்த நாக்கு ஜெயித்துவிட்டது என்று சொல்லி அவர் சிரிக்க, எப்சிக்கும் பெருமை தாங்கவில்லை. அதிலிருந்து சனிக்கிழமை சாயங்காலங்களில் பால்கனியில் இரண்டு நாற்காலிகள். ஒரு பாட்டில், இரண்டு தம்ளர், நெத்திலி வறுவல் ஒரு தட்டு. எப்சி வகுப்பில் நடந்ததைச் சொல்வாள். அவர் கேட்பார். முன்பும் அவள் சொல்லிக்கொண்டுதான் இருந்திருப்பாள், தான்தான் அந்த நேரத்தில் பாதிக் கண் மூடியிருந்தோம் என்பது அவருக்கு இப்போதுதான் புரிந்தது. எட்டு மணிக்குத் தங்கை வீட்டுக்குப் போக வேண்டும் என்றால், "வண்டிய எடுங்க" என்று அவள் சாதாரணமாகச் சொல்லத் தொடங்கியிருந்தாள். அவரும் சாதாரணமாக எடுத்தார்.

குப்புராஜுக்குத்தான் இதெல்லாம் பிடிக்கவில்லை. கேம்ப் ரோட்டில் சிமெண்ட், ஜல்லிக் கடை வைத்திருப்பவர். அந்தப் பகுதி வயலாக இருந்த காலத்திலிருந்தே அங்கேயே இருக்கும் குடும்பம். சுந்தர்சிங்கின் பழைய குடித்தோழர். ஒரு நாள் அவர் கடை மாடிக்குச் சுந்தர்சிங் தன் பாட்டிலையும் எடுத்துக்கொண்டே போனார்.

"இன்னா மச்சான் இது, டூப்பு சரக்கு?" என்று குப்புராஜ் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏறாதத எதுக்கு மச்சான் குடிச்சிகினு? பேஜாரா கீது."

"உன்கூட உக்காரத்தான் வந்தேன். ஏறுறதுக்கு வரல."

குப்புராஜ் தலையை ஆட்டிக்கொண்டு தன்னுடையதைத் திறந்தார். அன்று சுந்தர்சிங் முதல் தடவையாகத் தெளிந்த காதோடு குப்புராஜின் மாடியில் உட்கார்ந்திருந்தார். போர் போடும்போது பாறை வந்த கதையைக் குப்புராஜ் மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை பாறை இன்னும் பெரிதாகியிருந்தது. தானும் இப்படித்தான் இருந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்ட சுந்தர்சிங், ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் தலையாட்டினார். கிளம்பும்போது குப்புராஜ் அவர் தோளில் கைபோட்டு, "நீ வந்துகினே இரு மச்சான். உன் டூப்ப நானே வாங்கி வெக்கிறேன்" என்றார்.

எதிர்வீட்டு மாடியில் ரத்தினபாயும் அவர் கணவர் ஏசுதாசனும் குடியிருந்தார்கள். ரத்தினபாய் சபையில் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர். ஆராதனையில் யார் கைப்பேசி ஒலித்தாலும் அவர் திரும்பிப் பார்க்கும் பார்வையில் அது தானாக அணைந்துவிடும். ஏசுதாசன் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். அதிகம் வெளியே வருவதில்லை.

ஒரு சனிக்கிழமை, எப்சி தம்ளரை உயர்த்தி நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எதிர் ஜன்னலில் ரத்தினபாய் நிற்பதைக் கண்டாள். அவர் நகரவே இல்லை. இருவரையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"போச்சு. நாளைக்குச் சபை முழுக்கத் தெரிஞ்சிடும். டீச்சரும் குடிக்கிறாள்னு" என்றாள் எப்சி.

"பூஜ்யத்த இங்கிருந்து படிக்கச் சொல்லிக் கத்தட்டுமா?" என்றார் சுந்தர்சிங்.

மறுநாள் ஆராதனையில் ஒன்றும் நடக்கவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் ரத்தினபாய் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் வேதாகமம் இருந்தது. எப்சி அவரை உட்காரவைத்து, அவர் வாய் திறக்கும் முன்பே காலிப் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள்.

"அக்கா, நீங்களே படிச்சுப் பாருங்க. இதுல ஒரு சொட்டுகூட..."

"தெரியும் எப்சி" என்றார் ரத்தினபாய். "சனிக்கிழமையே உங்க வாசல்ல கெடந்த பாட்டில எடுத்துப் படிச்சுட்டேன்."

பிறகு அவர் வேதாகமத்தின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். எப்போதும் நிமிர்ந்திருக்கும் அந்த முகம் குனிந்திருந்தது.

"எங்க வீட்டு சாரும் குடிக்காங்க. ரிட்டயர் ஆனதுலேர்ந்து. காலையிலயே. யாருக்கும் தெரியாம நான் மூடி மூடி வச்சிருக்கேன்" என்றார். சுந்தர்சிங்கைப் பார்த்தார். "தம்பி, நீங்க குடிச்சுகிட்டிருந்தீங்க. எனக்குத் தெரியும், ஜன்னல்ல தெரியும். இப்ப ரெண்டு பேரும் உக்காந்து பேசிச் சிரிக்கீங்க. அத எப்படிச் செஞ்சீங்கன்னு கேக்கத்தான் வந்தேன்."

எப்சி எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். தனக்குத் தெரிந்தது ஒன்றுதான் என்று நினைத்தார் சுந்தர்சிங். "சனிக்கிழமை சாரைக் கூட்டிட்டு வாங்கக்கா" என்றார்.

ஏசுதாசன் வந்தார். சலவைச் சட்டை, படிய வாரின தலை. சுந்தர்சிங் தனக்குப் பிடித்த கோதுமை வகையை அவருக்கென்று எடுத்துவைத்திருந்தார். ஊற்றி நீட்டினார். தம்ளர் குளிரில் வேர்த்திருந்தது. ஏசுதாசன் அதை வாங்கி, யாரையும் பார்க்காமல், ஒரே மூச்சில் குடித்தார். இன்னொன்று கேட்டார். அதையும் அப்படியே குடித்தார். எப்சி கொத்தமல்லி வாசனையைப் பற்றிச் சொன்னது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கண் முழுக்கப் பாட்டிலில் இருந்தது.

"நாக்கு, சரக்கு வந்துடுச்சுங்குது தம்பி. உடம்பு எங்கேங்குது" என்று ஒரு மாதிரியாகச் சிரித்தார். கொஞ்ச நேரத்தில், ஒரு மருந்து வாங்க வேண்டும் என்று சொல்லி எழுந்து போனார்.

அவர் வீடு திரும்பவில்லை. இரவு பத்து மணிக்கு ரத்தினபாய் போன் செய்ய, சுந்தர்சிங் காரை எடுத்துக்கொண்டு தேடினார். தாம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், மூடிய கடையொன்றின் படியில் ஏசுதாசன் உட்கார்ந்திருந்தார். முழங்காலில் பேண்ட் கிழிந்திருந்தது. தூக்கிக் காரில் உட்காரவைத்தபோது குழறலாகச் சொன்னார்.

"உங்க மேல தப்பு இல்ல தம்பி. நுரையப் பாத்ததும் என்னால... நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க."

கொஞ்ச தூரம்தான் சுந்தர்சிங் ஓட்டினார். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எடுத்தார்.

இரண்டு நாள் கழித்து அவரே ஏசுதாசனையும் ரத்தினபாயையும் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். டாக்டர் அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"உங்களுக்கு அது உதவியிருக்கு, நல்லது. இவருக்கு அந்த வாசனை வந்தாலே உடம்பு மிச்சத்தக் கேட்கும். அது அவர் பலவீனம் இல்ல, நோய் அந்த அளவுக்குப் போயிருக்கு. இவர உள்ள சேர்த்துத்தான் நிறுத்தணும். தானா நிறுத்தினா ஆபத்து."

ஏசுதாசன் கூடுவாஞ்சேரியைத் தாண்டி ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்க்கப்பட்டார். வீட்டுக்கு வந்த சுந்தர்சிங், குளிர்பெட்டியில் மிச்சமிருந்த பாட்டில்களை எல்லாம் எடுத்துச் சமையல் மேடையில் வைத்தார். கொட்டப் போகிறார் என்று எப்சிக்குப் புரிந்தது.

"நிஜத்தச் சொல்லுங்க. இதக் குடிச்சா உங்களுக்கும் மத்தது வேணும்னு தோணுதா?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "இல்ல. ஒண்ணு முடிஞ்சா போதும்னு இருக்கு. சாப்பாட்டு ஞாபகம் வருது."

"என்னைக்காவது தோணிச்சுன்னா சொல்வீங்களா?"

"உன்கிட்டதான் முதல்ல சொல்வேன்."

எப்சி பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி உள்ளே வைத்தாள்.

ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் மூன்று பேரும் காரில் ஏசுதாசனைப் பார்க்கப் போனார்கள். ஜி.எஸ்.டி ரோட்டில் எத்தனை நெரிசல் இருந்தாலும் ரத்தினபாய் பின் சீட்டில் உட்கார்ந்து பாமாலை பாடிக்கொண்டு வருவார். அவருக்கு இவ்வளவு நல்ல குரல் என்று தெருவில் யாருக்கும் தெரியாது. ஏசுதாசன் முதலில் யாரிடமும் பேசவில்லை. பிறகு கேரம் ஆடத் தொடங்கினார். அடுத்த முறை போனபோது, தன்னை ஜெயித்த லாரி டிரைவரைப் பற்றி முழு நேரமும் குறைசொல்லிக்கொண்டிருந்தார். திரும்பும்போது ரத்தினபாய் பாடவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தபடியே வந்தார்.

ஏசுதாசன் வீடு திரும்பிய வாரத்தில் எப்சி இருவரையும் சாப்பிட அழைத்தாள். சனிக்கிழமை. பால்கனியில் நான்கு நாற்காலிகள். சுந்தர்சிங் பாட்டில்களைக் குளிர்பெட்டியின் காய்கறித் தட்டுக்கு அடியில் தள்ளி, மேலே கீரைக்கட்டைப் போட்டு மூடியிருந்தார். ஏசுதாசன் மெலிந்திருந்தார், ஆனால் கண் இப்போது ஆளைப் பார்த்தது.

"தம்பி, ஃப்ரிட்ஜுல வச்சிருக்கீங்களா?" என்று அவரே கேட்டார்.

சுந்தர்சிங் திகைத்தார். "இருக்கு சார். ஆனா வெளிய எடுக்கல."

"எடுக்க வேண்டாம். இருக்கட்டும். நான் இல்லாதப்ப குடிங்க. எனக்காக விட்டுடாதீங்க." எப்சி பக்கம் திரும்பிக் கேட்டார்: "எனக்குச் சுக்குக் காப்பி கிடைக்குமா? அங்க தந்தது வெறும் வெந்நீர்."

எப்சி சுக்கைத் தட்டிப்போட்டு, கருப்பட்டியோடு கொதிக்கவைத்து நான்கு தம்ளர் கொண்டுவந்தாள். ஏசுதாசன் ஊதி ஊதி, மெதுவாகக் குடித்தார். காரம் கண்ணில் நீரை வரவழைத்தது. தாம்பரம் விமானப் படைத் தளத்திலிருந்து கிளம்பிய சின்ன விமானம் ஒன்று தலைக்கு மேல் போனது. நான்கு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். பேச்சு ஜென்சிக்குப் போய், தெருக் குழாய்த் தண்ணீருக்குப் போய், கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சிக்கு வந்து நின்றது. ரத்தினபாய் இந்த வருஷம் ஆண்கள் வரிசையில் குரல் குறைவாக இருக்கிறது என்றார். சுந்தர்சிங்கைப் பார்த்துச் சொன்னதால் அவரால் மறுக்க முடியவில்லை.

அதிலிருந்து சனிக்கிழமை சுக்குக் காப்பிக்கு என்றாகிவிட்டது, ஒரு வாரம் இந்த வீட்டில், ஒரு வாரம் எதிர்வீட்டில். பாட்டில் வெள்ளிக்கிழமைக்கு மாறியது. போன வெள்ளிக்கிழமை மேடவாக்கம் கடையில் புதிதாக ஒன்று வந்திருந்தது, செம்மண் நிறத்தில். எப்சி ஒரு வாய் குடித்துவிட்டு, கண்ணை மூடி, நாக்கை அண்ணத்தில் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன?" என்றார் சுந்தர்சிங்.

"இருங்க, அவசரப்படுத்தாதீங்க" என்று சொல்லி அவள் இன்னொரு வாய் குடித்தாள்.